தீவில் ஒரு தறிக்குழி

கல்யாணமாகிப் பத்து வருடத்துக்குள் மூன்று தறிக்குழி வெட்டி, மூன்றையும் மூடியவள் நான். எங்களுடையது குழித்தறி. தரையில் பள்ளம் வெட்டி, அதில் காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்துதான் தறியின் மிதிகட்டையை மிதிக்க வேண்டும். காஞ்சிபுரத்தில் நெசவாளிக்கு வாடகை வீடு கிடைக்காமல் இல்லை. காலி செய்யும்போதுதான் வீட்டுக்காரம்மா முகம் மாறும். "குழிய மூடி, சாணி மெழுகிட்டுப் போம்மா" என்பாள்.

மூன்றாவது குழியை மூடிய அன்று எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. இனி சொந்த மண்ணில்தான் குழி வெட்டுவேன் என்று கணவரிடம் சொல்லிவிட்டேன்.

அது அறுபதுகளின் கடைசி. ஊருக்குள் கையகல மனைகூட எங்களுக்கு எட்டவில்லை. அந்தச் சமயத்தில் மகள் கல்யாணத்துக்குப் புடவை நெய்யச் சொல்லி ஒரு மீனவர் வந்தார். கடலோரத்தில், உப்பங்கழிக்கு நடுவே சின்னத் தீவில் குடியிருப்பவர். அங்கே தன் மனை ஒன்றை விற்கப்போவதாகப் பேச்சுவாக்கில் சொன்னார். அப்போது அடுத்தவர் தறியில் கூலிக்கு நெய்துகொண்டிருந்த என் கணவர் தறியை விட்டே எழுந்துவிட்டார்.

இரண்டு பஸ், ஒரு படகு ஏறிப் போய்ச் சேர்ந்தோம். மனையைப் பார்த்ததும் மனுஷர் குடிதண்ணீரைப் பற்றிக்கூடக் கேட்கவில்லை. காலடி வைத்து நீளத்தை அளந்தார்.

"இங்க பாவு நீட்டுனா, குறுக்க எவனும் வண்டி ஓட்டிக்கினு வரமாட்டான் பாரு!"

பாவு என்பது தறியில் ஏற்றும் நீளவாட்டு இழைகள். அதைத் தெருவில் நீட்டி, மாட்டுவண்டிக்காரர்களோடு மல்லுக்கட்டியே பாதி ஆயுளைக் கழித்தவர். அவர் குஷி எனக்குப் புரிந்தது.

"இருங்க. மொதல்ல குழி வெட்டிப் பாக்கலாம். அப்புறம் பத்திரம்" என்றேன்.

மீனவர் ஒன்றும் புரியாமல் மண்வெட்டி கொண்டுவந்து கொடுத்தார். முழங்கால் ஆழம்கூடப் போகவில்லை. தண்ணீர் குபுகுபுவென்று ஊறிவிட்டது. தீவில் போய்த் தறிக்குழி வெட்டிய புத்திசாலிகள் நாங்களாகத்தான் இருக்கும். கணவர் மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு நின்றார்.

மீனவரின் மனைவி குழியை எட்டிப் பார்த்தாள். "இன்னாத்துக்குக்கா கீழ போறீங்க? எங்க வூடெல்லாம் மேட்டு மேலதான் கீது, பாருங்க" என்றாள்.

ஒவ்வொரு வீடும் மண் கொட்டி உயர்த்திய மேட்டின் மேல்தான் நின்றது. கண்ணெதிரே இருந்தும் எங்களுக்குத் தெரியவில்லை. பாவின் நீளம் கணவர் கண்ணை மறைத்தது, குழி என் கண்ணை.

மனையை வாங்கினோம். கோடையில் தீவே கூடிப் படகு படகாக மண் கொண்டுவந்து கொட்டியது. ஆள் உயர மேடு. வீடு எழும்பியதும் குழியை நானே வெட்டினேன். அடி வரைக்கும் காய்ந்த மண்.

கணவர் காஞ்சிபுரம் போய்ப் பட்டு வாங்கி வந்தார். பாவு பிணைத்தாயிற்று. நான் குழியில் காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்தேன். வெகுநேரம் குறுக்கிழை ஓட்டும் நாடாவைத் தொடவே இல்லை.

"இன்னாம்மா, நெய்யலியா?" என்றார்.

"அவசரம் இன்னா? இத மூடச் சொல்றதுக்குத்தான் யாருமில்லியே!"