குப்பம்மாளும் பிரேக் எ லெக்கும்

"டேய், எட்டாவதோட நிறுத்திப் போடு. இங்கிலீசு படிச்சு இது என்னத்தக் கிழிக்கப் போவுது?"

பெரியப்பா என்னைக் காட்டி இப்படிச் சொன்னபோது அப்பா தக்காளிக் கூடைகளை டிராக்டரில் ஏற்றிக்கொண்டிருந்தார். அண்ணனை எதிர்த்துப் பேசும் வழக்கம் அவருக்கு இல்லை. கடைசிக் கூடையையும் ஏற்றிவிட்டு, "தருமபுரியில ஏதோ இங்கிலீசுப் போட்டியாம். அதுல ஜெயிச்சு வந்தா பாலக்கோட்டுல ஒம்போதாவது சேக்கறேன். இல்லன்னா நிறுத்திடலாம்ணா" என்றார்.

எங்கள் ஊர்ப் பள்ளி எட்டாம் வகுப்போடு முடிந்துவிடும். எங்கள் வீட்டில் அதுவரைக்கும் வந்தவர்களே கிடையாது.

போட்டி இதுதான். மேடையேறிச் சீட்டு எடுக்க வேண்டும். அதில் இருக்கும் ஆங்கில மரபுத்தொடருக்குப் பொருள் சொல்லி, எங்கே எப்படிப் பயன்படுத்துவது என்று ஆங்கிலத்திலேயே விளக்க வேண்டும். எனக்கு முன்னால் போன ஷூ போட்ட பிள்ளைகள் குழாயைத் திறந்துவிட்டதுபோல் பேசினார்கள். என் பெயரைக் கூப்பிட்டதும் பின்வரிசையில் சிரிப்பு எழுந்தது. குப்பம்மாளுக்கு அதெல்லாம் பழக்கம்.

சீட்டைப் பிரித்தேன். பிரேக் எ லெக். மேடையேறப் போகிறவரிடம் 'காலை ஒடித்துக்கொள்' என்பார்கள். 'பிரமாதமாகச் செய்துவிட்டு வா' என்பது பொருள். டீச்சர் சொல்லிக்கொடுத்தது அவ்வளவுதான். ஒப்பித்துவிட்டு இறங்கப் பார்த்தேன். நடுவராக இருந்த அம்மையார் விடவில்லை. நல்லது நினைக்கிறவர்கள் எதற்குக் கெட்டதைச் சொல்ல வேண்டும் என்று கேட்டார்.

பாலக்கோட்டுப் பஸ் என்னை ஏற்றாமலே புறப்படுவதுபோல் இருந்தது. சட்டென்று வாய் தானாகத் திறந்துகொண்டது.

"எங்கள் ஊரிலும் இப்படித்தான் மேடம்!"

தெரிந்த ஆங்கிலத்தில் சொல்லிக்கொண்டே போனேன். எனக்கு முன் பிறந்த இரண்டு குழந்தைகள் தங்கவில்லை. அதனால் நான் பிறந்ததும் என்னைக் குப்பைமேட்டில் போட்டார்கள். பக்கத்து வீட்டு அக்கா எடுத்துக்கொள்ள, அம்மா ஒரு படி தவிடு கொடுத்து என்னை வாங்கிக்கொண்டாள். குப்பம்மாள் என்று பெயர் வைத்தாள். இது வெறும் குப்பை என்று நினைத்து எமன் விட்டுவிட்டுப் போக வேண்டும். நல்லதை நல்லது என்று சொன்னால் கண் பட்டுவிடும். ஆங்கில நாடகக்காரர்களும் அதற்குத்தான் பயந்திருப்பார்கள்.

"ஆகவே மேடம், என் பெயரே ஒரு பிரேக் எ லெக்தான்!"

சிரித்த பின்வரிசைதான் முதலில் கைதட்டியது. "இதை யாரிடம் சொல்லக் கூடாது?" என்று நடுவர் கேட்டார். "பஸ்ஸிலிருந்து விழுந்தவரிடம்" என்றேன். அவர் மேசையைத் தட்டிச் சிரித்தார்.

முதல் பரிசு!

திரும்பி வரும்போது கண்டக்டர், "கப்பு யாருதும்மா?" என்று ஒரு பேச்சுக்குக் கேட்டார். பாவம், எங்கள் ஊர் வரும்வரை அவரை விடவில்லை.

பஸ்ஸை விட்டு இறங்கி நேராக எங்கள் தக்காளிக் காட்டுக்கே ஓடினேன். தக்காளி பறித்துக்கொண்டிருந்த பெண்கள் சூழ்ந்துகொண்டார்கள். "எங்க, காட்டு கண்ணு!" அவர்கள் கை நீட்டுவதற்குள் அம்மா கோப்பையைப் பிடுங்கி முந்தானைக்குள் மூடிக்கொண்டாள்.

"இதென்னங்க பெருசு? போனவங்களுக்கெல்லாம் ஒண்ணு குடுத்தாங்களாம். இதுக்கு எங்க பேச வருது, மரம் மாதிரி நின்னிருக்கும்."

அத்தனை பேருக்கு முன்னால்! கோப்பை அரிசிப் பானைக்குப் பின்னால் போய் ஒளிந்தது. நான் சாப்பிடாமல் அழுதேன். அப்பா சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். பெரியப்பா முறைக்க முறைக்க என்னை ஒன்பதாவதில் சேர்த்தார். நானோ, பாலக்கோட்டுக்குப் பஸ் ஏறத் தொடங்கிய பிறகும் அம்மாவிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. ஓர் அரங்கத்துக்கே ஆங்கிலத்தில் விளக்கிவிட்டு வந்த பெண்ணுக்கு, அதையே தன் தாய் தமிழில் சொன்னபோது விளங்கவில்லை.

இப்போது ஆங்கிலத்தில் எம்.ஏ. முடித்துவிட்டேன். வாழ்த்த வேண்டிய இடத்தில் வைது அனுப்பும் எங்கள் பக்கத்துப் பெண்களின் பேச்சைப் பற்றி முனைவர் பட்ட ஆய்வுக்குப் பதிவும் செய்தாயிற்று. போன வாரம் நல்லம்பள்ளிப் பக்கம் போய் அந்தப் பேச்சை ஒலிப்பதிவு செய்யத் தொடங்கிவிட்டேன்.