கையால் தொட்டால் அழியும்

என் பக்கத்து நாற்காலி அக்காவுக்கு அலுவலகத்தில் ரப்பர் என்று பெயர். வைத்தவர்கள் வயிற்றெரிச்சல் பிடித்தவர்கள்.

ஒரு மென்பொருளின் துண்டுகளை எப்படிச் சேர்த்துக் கட்டுவது என்று கணினிக்குச் சொல்லும் கோப்புகளை நாங்கள் கையால் எழுதிக்கொண்டிருந்தோம். ஒவ்வொரு வகைக் கணினிக்கும் தனித்தனியாக, பக்கம் பக்கமாக. ஒன்றில் திருத்தி இன்னொன்றில் மறந்துவிட்டு ஒருவர் மேல் ஒருவர் பழி போடுவதிலேயே பாதி நாள் போகும். அக்கா ஜெனரேட்டர் என்ற ஒரு நிரல் எழுதினார். எந்தத் துண்டுக்கு எது வேண்டும் என்று நாலு வரிக் குறிப்பு கொடுத்தால் போதும். அந்த நீளக் கோப்புகளை எல்லாம் அதுவே எழுதித் தள்ளும்.

ஆனால் நம் ஆட்களுக்குக் கை சும்மா இருக்குமா? குறிப்பை விட்டுவிட்டு, ஜெனரேட்டர் எழுதிய கோப்பைத் திறந்து திருத்துவார்கள். அடுத்த முறை அது ஓடியதும் திருத்தம் போயே போய்விடும். உடனே அக்காவுக்குத் திட்டு. கோப்பின் தலையிலேயே 'கையால் திருத்தாதீர்கள்' என்று இருக்கிறது. யார் படித்தார்கள்?

மேலாளரும் அதையே செய்தார். அவர் திருத்தமும் அழிந்துபோய், வாடிக்கையாளர் முன்னால் செயலி திறக்கவே இல்லை. மனிதர் முகத்தில் ஈயாடவில்லை. தன் கோப்பை மட்டும் ஜெனரேட்டர் தொடக்கூடாது, முடியாதென்றால் நாளையோடு ஜெனரேட்டரையே தூக்கிப்போடுங்கள் என்று எல்லார் முன்னாலும் சொன்னார். அக்காவின் ஒரு வருட உழைப்பு அது. எனக்கு ரத்தம் கொதித்தது.

வீட்டிலும் அக்காவின் கணவர், ஒரு கோப்புதானே, விட்டுக்கொடுத்துப் போயேன் என்றாராம்.

"இன்னிக்கு அவருக்கு விட்டா நாளைக்கு எல்லாரும் வந்து நிப்பாங்க. அப்புறம் நான் எதுக்கு அதை எழுதினேன்?" என்று அக்கா கேட்டதும் அவர் பேச்சை மாற்றிவிட்டாராம்.

மறுநாள் காலை, அக்கா மேலாளரின் திருத்தத்தைக் குறிப்பில் ஒரே வரியாகச் சேர்த்தார். பிறகு எல்லாரும் கோப்புகளைப் போட்டு எடுக்கும் பொதுக் களஞ்சியத்திலிருந்து ஜெனரேட்டர் எழுதிய கோப்புகளை ஒன்றுவிடாமல் நீக்கினார். இனி அவை தேவைப்படும்போது அவரவர் கணினியில் புதிதாகப் பிறக்கும். செயலி ஒழுங்காகத் திறந்தது.

மேலாளர் வந்து, "என் ஃபைல் எங்கம்மா?" என்றார்.

"உங்க ஃபைல்னு ஒண்ணு இல்ல சார். எனக்கும் இல்ல. என்னை வேலைய விட்டுத் தூக்கணும்னா தூக்குங்க. அதுக்கு முன்னாடி அந்த ஃபைலை முழுசா கையால எழுதிக் காட்டுங்க."

அவர் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். தூக்கவும் இல்லை, எழுதவும் இல்லை. அக்காவுக்கு வரவேண்டிய அந்த வருடப் பதவி உயர்வு மட்டும் வேறொருவருக்குப் போனது. யாராவது கையால் எழுதிய கோப்பைக் களஞ்சியத்தில் போட்டால் அக்கா இன்றும் நீக்கிவிடுகிறார். போன வாரம் நீக்கியது மேலாளருடையது.