காசு விழாத விசை

குர்லா ஸ்டேஷனுக்குப் பின்னால், தகரக் கூரை போட்ட ஒரு துப்பாக்கி ரிப்பேர் பட்டறையில் பதினோரு வருஷம் வேலை பார்த்தேன். முதலாளி ஒரு பார்சிக் கிழவர். பாவாஜி என்று கூப்பிடுவோம். லைசென்ஸ் அவர் பேரில், கை என்னுடையது. இதை அவரிடமே சொல்லியிருக்கிறேன். எனக்கு வாய் கொஞ்சம் நீளம், கோபமோ மூக்கு நுனியில். வேலை செய்யும்போது யாராவது மேலே குனிந்து பார்த்தால், "இந்தாங்க, நீங்களே செய்யுங்க" என்று அரத்தை நீட்டிவிடுவேன்.

எனக்குப் பெயர் வாங்கித் தந்தது ஒரே வேலைதான். ரிவால்வரின் விசையை வழுவழுப்பாக்குவது. விரல் விசையை இழுக்க இழுக்க, பின்னாலிருக்கும் சுத்தி எழும்பும், தோட்டா உருளை ஓர் அறை திரும்பும், கடைசியில் சுத்தி சட்டென்று விழுந்து தோட்டாவின் அடியில் குத்தும். சில துப்பாக்கிகளில் இரும்போடு இரும்பு உரசி, சோற்றில் மணல் கடிபட்ட மாதிரி இருக்கும். உரசுகிற இடத்தைக் கண்டுபிடித்து எண்ணெய்க்கல்லால் பார்த்துப் பார்த்துத் தேய்க்க வேண்டும். கொஞ்சம் கூடிப்போனாலும் அந்தச் சாமான் காயலான் கடைக்குத்தான்.

முடிந்ததும் ஒரு வித்தை காட்டுவேன். காலி ரிவால்வரை நீட்டிப் பிடித்து, குழலின் மேல் ஒரு நாலணாக் காசை வைத்து விசையை இழுப்பேன். சுத்தி விழும், காசு விழாது. வந்தவர் வாயைப் பிளந்து நிற்பார். அதைப் பார்ப்பதில் எனக்கு அப்படி ஒரு சந்தோஷம்.

சீனாக்காரனோடு சண்டை முடிந்து இரண்டு வருஷம் இருக்கும். ஒரு வியாழக்கிழமை மதியம், மாட்டுங்காவில் ஒரு நகைக்கடைக்குக் காவல் நிற்கிற அண்ணாச்சி வந்தார். தாராவியில் குடியிருப்பு, எங்கள் திருநெல்வேலிப் பக்கத்துக்காரர், பட்டாளத்தில் இருந்தவர். கடை முதலாளியின் ரிவால்வரும் கடிதமும் கொண்டுவந்திருந்தார். ரிவால்வரை மேஜையில் வைத்துவிட்டு வலது கையின் ஆள்காட்டி விரலை நீட்டினார். நுனி கறுத்து விறைத்திருந்தது.

"பனி தின்னுட்டு பாய். மலையில கெடந்தப்ப. தொட்டா தெரியாது, மடக்கினா வலிக்கும்."

"அப்ப இத எப்படி இழுக்கிய?"

"அதான் உங்ககிட்ட வந்திருக்கேன். ஞாயித்துக்கிழம காலையில மொதலாளி சுட்டுக் காட்டச் சொல்லியிருக்காரு. ஆறு தோட்டா. கை நடுங்குச்சுன்னா வேலைக்கு வேற ஆள் ரெடியாம். விரல் விஷயம் அவருக்குத் தெரியாது. எனக்கு மூணு பிள்ள பாய். இந்த விரல வச்சிக்கிட்டு இன்னொரு நௌக்ரிக்கு எங்க போவேன்?"

வெள்ளிக்கிழமை தொழுகைக்குப் போன நேரம் போக மீதி நேரமெல்லாம் அந்த ரிவால்வர்தான். உள்ளே அவ்வளவு சொரசொரப்பு. தேய்த்துக் கழுவி, எண்ணெய் போட்டு, சனிக்கிழமை காலை நான் இழுத்துப் பார்த்தேன். வெண்ணெய். காசு ஆடக்கூட இல்லை. மத்தியானம் அண்ணாச்சி வந்து இழுத்தார். காசு விழுந்தது. இன்னொரு தரம் வைத்தேன், விழுந்தது. ஐந்து தரம் விழுந்தது.

வழுவழுப்பு வேறு, லேசு வேறு. என்னதான் தேய்த்தாலும் சுத்தியைத் தள்ளுகிற ஸ்பிரிங்கின் பலம் அப்படியே இருக்கும். இருக்கவும் வேண்டும், அந்தப் பலத்தில்தான் தோட்டா வெடிக்கிறது. ஸ்பிரிங்கை மாற்றி லேசாக்கிக் கொடு என்று கேட்டு வந்த எத்தனையோ பேரை நான் திட்டி அனுப்பியிருக்கிறேன். அன்று அண்ணாச்சி கேட்கவே இல்லை. கீழே கிடந்த காசையே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்குத்தான் பொறுக்கவில்லை. அவர்மேல் இரக்கம் பாதி. என் வேலை என் கண் முன்னால் தோற்கிறதே என்ற ரோஷம் பாதி. டப்பாவில் கிடந்த ஒரு பலம் குறைந்த ஸ்பிரிங்கை எடுத்துப் போட்டேன். பழையதைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன். அவரிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. பட்டறையில் தோட்டா வெடித்துப் பார்க்க இடமும் கிடையாது.

அண்ணாச்சி இழுத்தார். காசு விழவில்லை. "எப்பா," என்றார், அவ்வளவுதான். என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார்.

திங்கட்கிழமை காலை, நகைக்கடை திறக்கும் முன் பட்டறைக்கு ஓடி வந்தார். ஆறும் வெடித்ததாம், ஐந்து குறி ஒட்டியிருந்த தாளில் பட்டதாம், முதலாளி முதுகில் தட்டினாராம். எனக்குக் காட்டுவதற்காக ஆறு காலித் தோட்டாக்களையும் கேட்டு வாங்கி, கைக்குட்டையில் முடிந்து வந்திருந்தார். சிரித்துக்கொண்டே ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்தேன். நான்காவதில் என் சிரிப்பு நின்றுவிட்டது.

சுத்தி குத்திய குழி ஆழமாக இருக்க வேண்டும். மூன்றில் பரவாயில்லை. இரண்டில் பாதிதான். ஒன்றில் நகம் பட்ட தடம் மாதிரி இருந்தது. அது வெடித்தது அதிர்ஷ்டம். முதலாளி சுடக் கொடுத்தது புதுத் தோட்டா. இவர் இடுப்பில் இருப்பது பழசு, லேசான குத்துக்கு வெடிக்காது. நாளைக்கே நாலு பேர் கத்தியோடு கடைக்குள் புகுந்தால், இவர் நம்பி நீட்டுகிற சாமான் டிக்கென்று மட்டும் சொல்லும்.

வாயைத் திறந்து சொன்னேனா? இல்லை. "நல்லது அண்ணாச்சி" என்று அனுப்பிவிட்டேன். ஊரையெல்லாம் திட்டுகிற வாய் அன்றைக்கு ஊமை.

இரண்டு நாள் சுனாபட்டியில் என் வீட்டில் சோறு இறங்கவில்லை. "யார்கூட சண்டை போட்டுட்டு வந்திய?" என்று என் மனைவி கேட்டாள். புதன்கிழமை பாவாஜியிடம் நடந்ததைச் சொன்னேன். அவர் குஜராத்தியில் திட்டியதை இங்கே எழுத முடியாது. திட்டி முடித்து, "இன்னும் ஏன் நிற்கிறாய், போ" என்றார்.

மாட்டுங்காவில் நகைக்கடை வாசலில் அண்ணாச்சி மீசையை முறுக்கிவிட்டு நின்றுகொண்டிருந்தார். பக்கத்து டீக்கடைக்குக் கூட்டிப் போய் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கண்ணாடித் தம்ளரைக் கீழே வைத்தார்.

"அப்ப மூணு நாளா வெறும் இரும்பக் கட்டிக்கிட்டா நிக்கேன்?"

"வெடிச்சாலும் வெடிக்கும், வெடிக்காமலும் போவும். தப்பு என்னுது அண்ணாச்சி. பழைய ஸ்பிரிங்கப் போட்டா வெடிக்கும். ஆனா உங்களால இழுக்க முடியாதே."

"இத நீங்க சனிக்கிழமயே சொல்லியிருக்கணும் பாய்."

திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். அந்தக் குரலில் கோபமே இல்லை, அதுதான் என்னைக் குன்ற வைத்தது. ஆறி ஆடை கட்டிய டீயை ஒரே மடக்கில் குடித்துவிட்டு, "போடுங்க பழசையே," என்றார்.

மறுநாள் முதலாளியிடம் கேட்டு ரிவால்வரோடு பட்டறைக்கு வந்தார். பழைய ஸ்பிரிங்கைப் போட்டுக் கொடுத்தேன். இழுத்தார், விரல் பாதியில் நின்றுவிட்டது. வலியில் முகம் சுண்டியது. பிறகு என்ன நினைத்தாரோ, இடது கையையும் கொண்டுவந்து, செத்த விரலின் மேல் இடது விரலை வைத்து இரண்டாலும் சேர்த்து இழுத்தார். சுத்தி விழுந்த சத்தம் பட்டறை முழுக்கக் கேட்டது. அந்தச் சத்தத்துக்காகத்தான் நான் நான்கு நாளாகக் காத்திருந்தேன். பழக்கதோஷத்தில் காசை எடுத்து வைக்கப் போனேன். அவர் என் கையை விலக்கினார்.

"காசு விழுந்தா விழட்டும் பாய். குண்டு போவணும்."

கடைக்குத் திரும்பியதும் முதலாளியிடம் தானே போய், விரலைக் காட்டி, எல்லாவற்றையும் சொல்லி, இன்னொரு தரம் சுட்டுக் காட்டுகிறேன் என்று கேட்டாராம். இது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. தெரிந்திருந்தால் தடுத்திருப்பேனோ என்னவோ.

அடுத்த திங்கட்கிழமை அதே கைக்குட்டையோடு வந்தார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

"ரெண்டு தாளுக்கு வெளிய போயிட்டு," என்றார். "ரெண்டு விரலப் பாத்து மொதலாளி சிரிச்சாரு. ஆனா ஆறும் வெடிச்சுது. வேலையில நில்லுன்னுட்டாரு."

முடிச்சை அவிழ்த்து ஆறையும் என் மேஜையில் தலைகீழாக நிறுத்தி வைத்தார். "பாருங்க," என்றார்.

ஆறிலும் குழி ஒரே ஆழம். எண்ணெய்க் கையாலேயே கண்ணைத் துடைத்துக்கொண்டேன். அவர் குனிந்து பக்கத்தில் நின்று வெளிச்சத்தை மறைத்துக்கொண்டிருந்தார். நான் அரத்தை நீட்டவில்லை.