கடல் கல்லைக் கரைத்த கருப்பட்டி

ஐந்தாம் வகுப்போடு பள்ளியை விட்டவன் நான். தலைச்சுமையாகக் கருப்பட்டி விற்றேன், கடை போட்டேன், பிறகு களியக்காவிளை வரைக்கும் சரக்கு போகிற கிட்டங்கியே, பெரிய குடோனே, கட்டினேன். ஒருவரும் கை கொடுக்கவில்லை.

ஒரு மழைநாளில் ஆய்வுக்கூடத்து அம்மாள் ஒருவர் காப்பிக்குக் கருப்பட்டி வாங்க வந்தார். ஒல்லியான உடம்பு, விரலெல்லாம் கறுப்புக் கறை. பேசும்போது ஒரு கறுத்த கல்லை உள்ளங்கையில் உருட்டிக்கொண்டே இருந்தார்.

"என்ன மக்கா, உருளைக்கிழங்கைக் கரிச்சிட்டியா?" என்றேன்.

அவருக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

"ஆழ்கடலுக்கு அடியில கெடந்த கல்லு அண்ணாச்சி. உள்ள மாங்கனீசு இருக்கு. பொடிச்சு ஆசிட்டுல போட்டா மட்டும் கரையாது, கூட இனிப்பும் வேணும். குளுக்கோஸ் போட்டுப் பாத்தேன், கரையுது. ஆனா வெல கட்டாதுன்னு மேல உள்ளவங்க வேலையையே நிறுத்தச் சொல்லுதாவ."

மழை ஈரத்தில் இளகி ஒழுகி, வாங்க ஆளில்லாமல் மூலையில் கிடந்த கருப்பட்டியைக் காட்டினேன்.

"இதுவும் இனிப்புதானே? சும்மா கொண்டு போ."

மூன்றாம் நாள் ஒரு கண்ணாடிக் குப்பியோடு ஓடிவந்தார். உள்ளே பால் விடாத கட்டன்சாயா நிறத்தில் தெளிந்த தண்ணீர்.

"மாங்கனீசு அம்புட்டும் எறங்கிட்டு அண்ணாச்சி! வெலையும் கட்டும்னுட்டாவ, வேலைய நிறுத்தல!"

சரக்கெடுக்க வந்தவர்கள் பார்க்க, கடைக்குள்ளேயே குதித்தார். நானும் குதித்தேன்.

ஒரு கல் கரைந்ததற்கு இப்படி மகிழ்ந்த மனுஷியை நான் வேறெங்கும் கண்டதில்லை. இதைப் பற்றிக் கட்டுரை எழுதப் போவதாகச் சொல்லிவிட்டுப் போனார். எழுதட்டும், நன்றாக எழுதட்டும். ஆனால் அந்த யோசனையைச் சொன்னது கருப்பட்டி இல்லை, நான். முதல் பக்கத்திலேயே என் பெயர் வரவேண்டும்.