ஊசி மாற்றும்வரை நிற்கச் சொன்னவர்

எங்கள் வீட்டு மூத்த மருமகள் வெள்ளையம்மாள் அவர்கள் தவறிய செய்தி வந்தபோது நான் மதுரையில் என் மகள் வீட்டில் இருந்தேன். அவருடைய மகன் முருகன் கப்பலூரில் கம்பெனி வேலையில் இருக்கிறான். அவன் சொந்த ஊரான பேரையூருக்கு ஓடும்போதே, கூட வேலை பார்ப்பவரை எங்களிடம் அனுப்பியிருந்தான். வந்தவர் செருப்பைக்கூடக் கழற்றாமல், "முருகனோட அம்மா காலையில தவறிட்டாகளாம்" என்றார்.

எனக்கு அழுகை வரவில்லை. உட்காரவும் முடியவில்லை. அடுப்படிக்கும் வாசலுக்குமாக நடந்தேன். "ஒரு வாய் காப்பி குடிச்சிட்டுக் கிளம்பும்மா" என்றாள் மகள். குடிக்கவில்லை. பஸ்ஸில் சன்னல் கம்பியைப் பிடிப்பதும் விடுவதுமாகவே வந்தேன். இந்த மகளின் கல்யாணத்தன்று என் அண்ணனைத் தெருவில் நிறுத்தி வைத்தது ஏன் என்று வெள்ளையம்மாள் அக்காவிடம் கேட்க வேண்டியிருந்தது. இனி யாரிடம் கேட்பது?

பதினாறாம் நாளுக்கு அச்சடிக்க நாலு வார்த்தை எழுதிக் கொடுங்கள் சித்தி என்று முருகன் கேட்டான். நல்லதை மட்டும் பொறுக்கி எழுத எனக்கு வராது. நடந்ததை எழுதுகிறேன்.

வெள்ளையம்மாள் என் வீட்டுக்காரருடைய அண்ணன் மனைவி. எனக்கு அக்கா. அக்கா வீட்டுக்காரர், எங்கள் மூத்தவர், பேரையூரில் ரேடியோ செட் வைத்திருந்தார். கல்யாணம், காதுகுத்து என்றால் மரத்தில் குழாயைக் கட்டிப் பாட்டுப் போடும் தொழில். குழாய் கட்ட ஏறி வேப்பமரத்திலிருந்து விழுந்த பிறகு அவருக்குக் கை நடுங்க ஆரம்பித்தது. ஊசியை இசைத்தட்டில் வைத்தால் குறுக்கே கோடு கிழித்துவிடும். ஒரு காதுகுத்து வீட்டில் பெண்கள் பக்கம் உட்கார்ந்திருந்த அக்கா எழுந்து போய் அவர் கையை விலக்கினார். "நகருங்க. பாட்டுப் போடுறீகளா, தட்டுல உழுகுறீகளா?" என்றார். அன்றிலிருந்து ரெக்கார்டு பிளேயர் அக்கா கைக்கு வந்துவிட்டது.

பேசாதவர்கள் உண்டா? "என்னத்தே, மாமாவ எறக்கிவிட்டுட்டு நீங்க மேடை ஏறிட்டீக" என்றார் பந்தல்காரர் ஒருவர்.

"ஆமா மாப்ள. நீ ஏறுறதுக்கு ஒரு கழுத மிச்சமிருக்கு, போய் ஏறிக்க."

அக்கா வேலை செய்யும் விதம் பார்க்கிறவர்களுக்குப் பொறுமையைச் சோதிக்கும். பிளேயரை பெஞ்சு மேல் வைக்க விடமாட்டார். ஆள் நடந்தால் பெஞ்சு ஆடும், ஊசி துள்ளும் என்பார். நெல் மூட்டைகளை அடுக்கச் சொல்லி, அதன் மேல் பலகை போட்டு வைப்பார். சுற்றுகிற தட்டின் நடுவில் டம்ளர் நிறையத் தண்ணீர் வைத்து, எந்தப் பக்கம் வழிகிறதோ அந்தப் பக்கம் தீப்பெட்டி அட்டையைச் செருகுவார். பிறகு ஊசி பொருத்தியிருக்கும் தலையைக் கழற்றி, வாட்ச் ரிப்பேர் செய்கிறவர்கள் கண்ணில் மாட்டும் கண்ணாடியால் முனையைப் பார்ப்பார். தூசியைச் சின்ன பிரஷ்ஷால் தள்ளுவார். அத்தனையும் முடிந்தால்தான் பாட்டு.

இனி என் மகள் கல்யாணம். என் அண்ணன் மேலூர்க்காரர். அப்பா காரியத்தில் எங்களுக்குள் பேச்சு முற்றி, என் வாசலை மிதிக்காமலே இருந்தவர். தாய்மாமன் சீர் கொண்டு வந்தால்தான் உறவு நிற்கும். சீர் தெருவில் நுழையும்போது குழாயில் பாட்டு முழங்க வேண்டும் என்பது எங்கள் பக்கத்து வழக்கம். பாட்டில்லாமல் வரவேற்றால் அவமரியாதை.

சீர் வேன் தெருமுக்குக்கு வந்த நேரம் பார்த்துத் தட்டில் ஊசி சிக்கி, சொன்ன வரியையே சொன்னது. மாப்பிள்ளை வீட்டு ஆள் ஒருவர் கனம் போதவில்லை என்று ஊசித்தலை மேல் எட்டணாவைத் தூக்கி வைத்துவிட்டார். எல்லா ஊரிலும் செய்கிற வேலைதான். கர்ரென்று ஒரு கத்தல். அக்கா தலையைத் தூக்கிவிட்டார். பாட்டு நின்றது.

நான் ஓடினேன். "அக்கா, எங்கண்ணே வந்துட்டாரு. போடுங்கக்கா."

"இரு தாயி. ஊசி கோணிக்கிருச்சு."

"கோணட்டும். சத்தம் வந்தாப் போதும்."

"இந்தச் சத்தத்தக் கேட்டா வேனு தன்னால திரும்பிரும்" என்றார். புது ஊசியை மாட்டினார். அதோடு விட்டாரா? மறுபடியும் டம்ளரில் தண்ணீர் கொண்டுவரச் சொன்னார்.

தெருமுக்கில் அண்ணி, "இழவு வீட்டுக்கு வந்துட்டமோ, இம்புட்டு அமைதியா இருக்கு" என்று சொன்னது பந்தல்வரை கேட்டது. அப்போதுதான் அக்கா மைக்கை எடுத்தார்.

"மேலூர் அண்ணே, ஊசி மாத்துறேன். ஒரு வெத்தல போடுற நேரம் நில்லுங்க. தாய்மாமன் ஊமையா வரக்கூடாது. ஊரே உங்களத்தான் பாத்துக்கிட்டு இருக்கு."

சனம் சிரித்தது. அண்ணன் வெயிலில் நின்றார். பாட்டு வந்த பிறகே நடந்து வந்து சீரை வைத்தார். தாலி கட்டியதும் சாப்பிடாமல் போய்விட்டார். பிறகும் என் வீட்டுக்கு வரவில்லை.

அன்றிலிருந்து அக்கா வீட்டு நல்லது கெட்டதுக்குப் போவேன், கை நனைக்க மாட்டேன். ஒருமுறை தாங்காமல் கேட்டேன்: "எங்கண்ணன அப்பிடி நிக்க வச்சீகளே, நியாயமா?" "நின்னாருல்ல" என்றார். தட்டைத் துடைக்கப் போய்விட்டார்.

அக்காவை எடுக்கிற நேரத்தில் அண்ணன் மேலூரிலிருந்து வந்து நின்றார். யாரும் அவரை எதிர்பார்க்கவில்லை. எல்லாம் முடிந்து ஆண்கள் திரும்பியதும் என் பக்கத்தில் வந்தார்.

"அன்னைக்கு டிரைவர்ட்ட வண்டியத் திருப்புன்னு சொல்லிட்டேன் தாயி. அந்தம்மா ஊருக்கே கேக்க நில்லுங்கன்னு சொல்லிருச்சு. அப்பறம் எப்பிடித் திரும்புறது?"

"பெறகு ஏன்ணே சாப்பிடாமப் போனீக?"

"வெயில்ல நிக்க வச்சா கோவம் வராதா?"

அன்று அண்ணன் என் வீட்டுத் தொட்டியில் குளித்தார். என் கையால் சாப்பிட்டார். மறுசோறு கேட்டு வாங்கினார்.

இழவு வீட்டில் சொல்லிக்கொண்டு கிளம்பக் கூடாது என்பதால் அன்று உங்களிடம் எதுவும் சொல்லவில்லை, அக்கா. அண்ணனை நிறுத்துவதற்காக மைக்கை எடுத்தீர்களா, ஊசிக்காக எடுத்தீர்களா என்று இரவெல்லாம் புரண்டு பார்க்கிறேன், பிடிபடவில்லை. அந்தத் தண்ணீர் டம்ளரை மட்டும் இன்னும் என்னால் பொறுக்க முடியவில்லை. அடுத்த மாதம் அண்ணி, பிள்ளைகளோடு வருவதாக அண்ணன் சொல்லிப் போயிருக்கிறார். நீங்கள் நல்லபடியாகப் போய்ச் சேருங்கள்.