நைனாவின் "பெர் ஃபவோரே"

பித்தளைச் சொம்பை நகத்தால் தட்டுகிற "டிங்டிங்" சத்தம்தான் எங்கள் நைனா தண்ணீர் கேட்கும் விதம். அம்மா வேண்டுமென்றே காதில் வாங்காமல் இருந்தால் இன்னும் இரண்டு தட்டு தட்டுவார். அப்புறம் தொண்டையைச் செருமிக்கொண்டு, "அக்குவா, பெர் ஃபவோரே" என்பார். "அப்படி வாங்க வழிக்கு" என்று அம்மா சிரித்துக்கொண்டே சொம்பை நிரப்புவாள்.

அது இத்தாலி பாஷை; "தண்ணி, தயவு பண்ணுங்க" என்று அர்த்தம். பெரிய யுத்தத்துக்குச் சிப்பாயாகப் போய், பிடிபட்டு, இத்தாலியில் இருந்த முகாமிலிருந்து தப்பி, ஒரு குளிர்காலம் முழுக்க அந்த ஊர்க் குடியானவர்களின் வாசல்களில் நின்று ரொட்டியும் வைக்கோல் படுக்கையும் கேட்டு உயிர் பிழைத்தவர் அவர். "தயவு பண்ணுங்க", "கொஞ்சம் ஒத்தாசை பண்ணுங்க" எல்லாம் அந்தப் பாஷையில் அவருக்குத் தண்ணி பட்ட பாடு. தமிழில்தான் வாய் வராது. செஞ்சிக்குத் திரும்பியதுமே வீம்பும் கூடவே திரும்பிவிட்டது என்பாள் அம்மா.

அறுபதுகளில் ஓர் ஆடி மாதம்; எனக்குப் பத்து வயது. நல்ல மழை பெய்து, நாங்கள் "மல்லாட்டை" என்று சொல்லும் வேர்க்கடலை விதைக்க நிலம் பதமாக இருந்த நேரம் பார்த்து, எங்கள் ஜோடி மாட்டில் ஒன்று செத்துப்போனது. இரண்டு நாள் வெயில் அடித்தால் ஈரம் போய்விடும். அந்த வருஷச் சோறும் அதோடு போச்சு. சிங்கவரத்தில் சித்தப்பாவிடம் மாடு இருந்தது. ஆனால் பாகப்பிரிவினைச் சண்டையில் அண்ணன் தம்பிக்குள் இரண்டு வருஷமாகப் பேச்சில்லை.

"தம்பிகிட்ட ஒரு வார்த்த கேட்டா இன்னா, கிரீடம் கழண்டு வுழுந்துடுமா?" என்று அம்மா போட்ட போட்டில், என்னையும் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு நைனா கிளம்பினார்.

சித்தப்பா கொட்டகையில் மாட்டுக்குத் தவிடு கலக்கிக்கொண்டிருந்தார். எங்களை நிமிர்ந்து பார்த்துவிட்டு மறுபடி குனிந்துகொண்டார். நைனா நின்றார், நின்றார், நின்றுகொண்டே இருந்தார். கடைசியில் கையைக் கட்டிக்கொண்டு, மெதுவாக, "மி அயூத்தி, பெர் ஃபவோரே" என்றார்.

"இன்னா சொல்றாரு உங்க நைனா?" என்று சித்தப்பா என்னைக் கேட்டார்.

"உழறதுக்கு மாடு வேணுமாம். கெஞ்சிக் கேக்கறாரு சித்தப்பா."

"கெஞ்சி" என்பது என் சொந்தச் சரக்கு; நைனா கேட்டது வெறும் ஒத்தாசைதான். நைனா முறைத்த முறைப்பு இருக்கிறதே, அப்பப்பா! ஆனால் இல்லை என்று அவர் சொல்லவில்லை.

"எங்கண்ணனா? கெஞ்சறாரா?" சித்தப்பாவுக்குச் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது, கண்ணும் கலங்கிவிட்டது. "அத தமிழ்ல சொன்னா மாடு வராதாமா?" என்றபடியே கயிற்றை அவிழ்த்தார். மறுநாள் இருவரும் சேர்ந்தே உழுதார்கள். பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு பின்னாலேயே விதை போட்டுக்கொண்டு போன எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

அதற்கப்புறம் சித்தப்பாவும் ஏணியோ கடப்பாரையோ வேண்டுமென்றால் எங்கள் வாசலில் வந்து நின்று, "பெர் ஃபவோரே" என்றுதான் குரல் கொடுப்பார்.

இன்று அவர்கள் இருவரும் இல்லை. மாடுகளும் இல்லை, போன் போட்டால் டிராக்டர் வருகிறது. வரப்புத் தகராறில் சித்தப்பா மகனும் நானும் மூன்று வருஷமாக முகம் பார்க்காமல் இருந்தோம். போன மாதம் ஒரு நாள் வாசலில் யாரோ தொண்டையைச் செருமும் சத்தம் கேட்டது. போய்ப் பார்த்தால் அவன்தான்; தலையெல்லாம் நரைத்துப்போய், கையைக் கட்டிக்கொண்டு நின்றிருந்தான்.

"பெர் ஃபவோரே, அக்கா" என்றான்.

என்ன வேண்டும் என்றுகூட நான் கேட்கவில்லை. "உள்ள வாடா" என்றேன்.