எட்டு வயது இடுப்புக்கு ஒரு பாவாடை

தையல் வேலையிலேயே சுலபமானது குழந்தைப் பாவாடை என்று தையல் தெரியாதவர்கள் எல்லோரும் சொல்வார்கள். காகிதத்தில் வரைந்து வெட்ட வேண்டாம், காஜா வேண்டாம், கொக்கி வேண்டாம். இடுப்பைப் போல இரண்டு மடங்கு துணி, பக்கத்தில் ஒரு தையல், மேலே மடித்து எலாஸ்டிக், கீழே மடித்து ஹெம்மிங், தீர்ந்தது. மிஷின் மிதித்துக் கால் வீங்கிய சகோதரிகளே, அவர்கள் சொல்லாமல் விடுவது என்னவென்று உங்களுக்குத் தெரியும். குழந்தை வேண்டும். எதிரே வந்து நிற்கிற குழந்தை.

பாண்டிச்சேரி ரெட்டியார்பாளையத்தில் தையல் கடை வைத்துக்கொண்டு, எதிரே நிற்காத ஒரு குழந்தைக்கு வருஷா வருஷம் பாவாடை தைத்தவள் நான். என் தங்கை கவிதாவுக்கு பிரெஞ்சு நேஷனாலிட்டி மாப்பிள்ளை. அவர்கள் பிரான்சுக்குப் போய் வேலை, வீடு என்று ஊன்றிக்கொள்கிற வரைக்கும் மகள் ஓவியா என்னிடம்தான் வளர்ந்தாள். நான்கு வயதில் கூட்டிக்கொண்டு போனார்கள். ஒவ்வொரு லீவுக்கும் வருவோம் என்றார்கள். ஒவ்வொரு லீவுக்கும் ஏதாவது ஒரு காரணம் வந்தது, அவர்கள் வரவில்லை. எனக்கு வேறு பிள்ளை இல்லை. பொங்கலுக்கு ஒரு பாவாடை தபாலில் போகும். அந்தக் குழந்தையை ஒரு தடவை நேரில் பார்த்துவிட மாட்டோமா என்று ஏங்கிக்கொண்டேதான் இத்தனை வருஷமும் ஊரார் பிள்ளைகளுக்குத் தைத்துக்கொண்டிருந்தேன்.

தொடை உயரம்

குருசுக்குப்பத்துக்காரர் ஒருவர் துபாயிலிருந்து இறங்கிய கையோடு கடைக்கு வந்தார். மனைவியும் மகளும் கடலூரில் மாமியார் வீட்டில் இருந்தார்கள். சொல்லாமல் கொள்ளாமல் போய் நிற்கப் போகிறாராம், மகளுக்குப் புதுப் பாவாடையோடு. அளவு கேட்டேன். கையைத் தன் தொடைக்குப் பக்கத்தில் வைத்து, இவ்வளவு உயரம் என்றார். கடைசியாக எப்போது பார்த்தீர்கள் என்று கேட்டேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, அவள் பால்வாடிக்குப் போய்க்கொண்டிருந்தபோது என்றார்.

அவர் காட்டியதைவிட ஒரு ஜாண் நீளமாகவே வெட்டினேன். அவருக்குப் பிடிக்கவில்லை. என் பொண்ணு பொடிசு, தரையில் இழுபடும் என்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டுதான் வாங்கிப் போனார். அடுத்த வாரம் மகளையே கூட்டி வந்தார். நான் கூட்டி வெட்டியும் பாவாடை முழங்காலைத் தொடவில்லை. கீழே ஒரு பார்டர் வைத்துத் தருகிறேன் என்று டேப்பை எடுத்தேன். அந்தப் பெண் அவர் கையைப் பிடிக்காமல் ஒரு எட்டு தள்ளி நின்றாள். அவர் என்னைப் பார்த்துச் சொன்னார்:

"நீங்க சரியாதான்மா தைச்சீங்க. நான்தான் லேட்டா வந்துட்டேன்."

இரண்டாவது பெண்

தட்டாஞ்சாவடியில் ஒரு கம்பெனிக்கு வேலைக்கு வரும் அம்மா, வில்லியனூர் பக்கத்துக் கிராமம். போகிற வழியில் இரண்டு மகள்களோடு ஏறி வந்தார். பெரியவளுக்குப் புதுத்துணி. பெரியவளின் பழைய பாவாடையைச் சின்னவளுக்குச் சுருக்க வேண்டும். பெரியவளை அளந்தேன். பழைய பாவாடையில் எலாஸ்டிக்கை இழுத்துக் கட்டினால் போதும் என்பதால் சின்னவளை அளக்க வேலையே இல்லை. பாவாடையைப் பையில் போடப் போனேன்.

நிமிர்ந்து பார்த்தால், சின்னவள் என் முன்னால் வந்து இரண்டு கையையும் பக்கவாட்டில் தூக்கிக்கொண்டு நிற்கிறாள். அக்கா அப்படித்தானே நின்றாள். அம்மா நேரமாகிறது வாடி என்று அதட்டினார். அவள் கையை இறக்கவில்லை. நானும் டேப்பை எடுத்து இடுப்பு, உயரம் இரண்டும் அளந்து, வாய்விட்டு நம்பர் சொன்னேன். டேப்பைக் கழுத்தில் போட்டுக்கொண்டு திரும்பினேன். பின்னாலிருந்து குரல் வந்தது:

"அக்காளுதுக்குப் பக்கத்துல என் அளவையும் எழுதிக்குங்க."

இரவல் குழந்தைகள்

போன பொங்கலுக்கு முன்னால் கவிதாவிடம் போனில் ஓவியாவின் அளவு கேட்டேன். அங்கே எல்லாம் அளவு கிடையாதுக்கா, வயசுதான், எட்டு வயசு சைஸ் என்று கேட்டால் கடையில் எடுத்துக் கொடுத்துவிடுவார்கள் என்றாள். என் டேப்பின் ஒரு பக்கம் இஞ்ச் இருக்கிறது, மறுபக்கம் சென்டிமீட்டர் இருக்கிறது. வயசு எந்தப் பக்கத்திலும் இல்லை.

அதனால் கடைக்கு வருகிற எட்டு வயதுப் பெண்களைப் பிடித்து நிறுத்தி அளக்க ஆரம்பித்தேன். அம்மா ரவிக்கைக்கு அளவு கொடுக்க வந்திருப்பார், நான் மகளின் இடுப்பில் டேப்பைச் சுற்றுவேன். ஒருத்தி ஒல்லி, ஒருத்தி புஷ்டி. ஒருத்தி கூச்சத்தில் வயிற்றை எக்கிக்கொள்வாள், இன்னொருத்தி டேப்பையே கடித்துவிட்டாள். எல்லாவற்றையும் மனசுக்குள் சேர்த்து ஓவியாவைச் செய்து பார்ப்பேன். போனில் பார்த்த முகத்தை மேலே வைத்தால் கீழே உடம்பு ஒட்டாது. என்னோடு கடையில் துணி ஓரம் பிரியாமல் ஓவர்லாக் போடும் பர்வீனுக்கு இது பொறுக்கவில்லை. ஒரு நாள் இன்னொரு பெண்ணை நான் கூப்பிட்டபோது மிஷினை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள்:

"யாரு பிள்ளையை அளந்தாலும் நம்ம பிள்ளை அளவு வராதுக்கா. விட்டுடுங்க."

இரண்டு கன்னம்

இந்த ஜூலையில் வந்தேவிட்டார்கள். கடைவாசலில் ஆட்டோவிலிருந்து ஜீன்ஸ் போட்ட ஒரு பெண் இறங்கினாள். தோளுக்குக் கீழே பிடித்துத் தூக்கிக்கொள்ளத்தான் என் கை நீண்டது. அவளோ மரியாதையாக "பொன்ழூர்" என்று பிரெஞ்சில் வணக்கம் சொல்லி, இந்தக் கன்னத்துக்கு ஒன்று அந்தக் கன்னத்துக்கு ஒன்று என்று காற்றில் முத்தம் வைத்துவிட்டு ஒதுங்கி நின்றாள். அங்கே பெரியவர்களுக்கு அப்படித்தான் செய்வார்களாம். என் இடுப்பை விட்டு இறங்காத பிள்ளைக்கு நான் இப்போது பெரியவர்களில் ஒருத்தி. துணியை மடிக்கிற சாக்கில் திரும்பிக்கொண்டேன்.

அந்த இரவல் அளவுகளில் தைத்துத் தயாராக வைத்திருந்த பாவாடையை உள்ளே போய்ப் போட்டுப் பார்த்தாள். இடுப்பில் இறுக்கம், நீளம் பத்தவில்லை. கவிதா பரவாயில்லைக்கா என்றாள். பர்வீன் டேப்பை எடுத்து என் கையில் வைத்தாள். நான் ஓவியாவுக்கு முன்னால் முட்டி போட்டு, அவள் இடுப்பைச் சுற்றி இரண்டு கையையும் கொண்டுபோய் டேப்பை முன்னால் சேர்த்தேன். ஷாம்பு வாசனை வேறாக இருந்தது, காதுக்குப் பின்னால் மச்சம் அங்கேயேதான் இருந்தது. சரியாக விழவில்லை என்று மறுபடி சுற்றினேன். அப்புறம் இன்னொரு தடவை. அவள் நகரவில்லை. என் தலைக்கு மேலிருந்து, ஒவ்வொரு சொல்லாகத் தேடி எடுத்து, தமிழில் சொன்னாள்:

"பெரியம்மா, நீங்க நம்பரை பாக்கவே இல்லை."

உள்மடிப்பு

அந்த அளவுக்கு மஞ்சளில் நீலப் பூப்போட்ட துணியில் ஒன்று தைத்தேன். இந்தத் தொழிலில் இருக்கிற உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை, மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். வளரும் பிள்ளைக்குத் தைக்கும்போது கீழ்விளிம்பில் நாலு விரல் துணியை உள்ளே மடித்து வைப்போம். அடுத்த வருஷம் தையலைப் பிரித்து இறக்கிவிட்டால் பாவாடையும் பிள்ளையோடு வளர்ந்துவிடும். தைக்கத் தெரிந்த யாரும் இதை மறக்க மாட்டார்கள். பர்வீன் ஞாபகப்படுத்தவும் செய்தாள். நான் கத்தரியை எடுத்து அந்த நாலு விரல் துணியை நறுக்கிவிட்டு, ஓரத்தை மெல்லிசாக மடித்து அடித்தேன். பர்வீன் என் முகத்தைப் பார்த்துவிட்டு ஓவர்லாக்குக்குப் போய்விட்டாள்.

பாவாடை கச்சிதமாக உட்கார்ந்தது. ஊருக்குப் போகிற நாள் வரைக்கும் ஓவியா அதைத்தான் துவைத்துத் துவைத்துக் கட்டினாள். கடற்கரைக்கும் அதுதான், மணக்குள விநாயகர் கோயிலுக்கும் அதுதான். கன்னத்தில் வைக்கிற முத்தமும் நாலைந்து நாளில் காற்றிலிருந்து இறங்கி என் கன்னத்துக்கே வந்துவிட்டது. கிளம்புகிற அன்று பெட்டி அடுக்கும்போது கவிதா பாவாடையை உள்பக்கம் திருப்பி விளிம்பைத் தடவிப் பார்த்தாள். அவளும் என் கூடப் பிறந்தவள்தானே, கொஞ்சம் தையல் தெரியும்.

"என்னக்கா, உள்ள மடிப்பே வெக்கலியே. அடுத்த வருஷம் இவளுக்கு இது பத்தாதே."

பிள்ளைகள் வளரும் என்று தெரிந்தே துணியை வெட்டி வீசிவிட்டு, அடுத்த ஜூலையில் கையைத் தூக்கிக்கொண்டு நிற்க அவள் வந்துதானே ஆக வேண்டும் என்று கணக்குப் போட்டு உட்கார்ந்திருக்கிற தையல்காரி, இந்தப் பாண்டிச்சேரியில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.